சிவப்புக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு இரண்டு

ஓலைத்தொடுவாய்,
12.01.2025

அக்கா,

நீ சிஸ்டர் ஆகப்போகிறாயாம், இனிமேல் 'நீங்கள்' என்று மரியாதையாக எழுதவேண்டுமாம். அப்பாவின் கட்டளை. எழுதிப் பார்த்தேன். வங்கி மனேச்சரிடம் கடன் கேட்பதுபோல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். போன் பாவிக்க விடாத மடத்தில் போய் நீ இருப்பதால், பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல்முறையாகப் பேனை பிடிக்கிறேன். பிழை பார்க்காதே.

அப்பாவுக்கு மாரியில் வந்த தொண்டை நோ மாறிவிட்டது. குரல்தான் திரும்பவில்லை. கதைத்தால் விளங்கும். பாடினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. பெரிய வெள்ளியன்று கடற்கரைச் சிலுவையடியில் இயேசுவின் பாடுகளைப் பசாமாகப் பாடும்போது மாதாவின் புலம்பல் எப்போதும் அப்பாவின் பங்குதானே? இந்த முறை அதைக் கூடப் பாடுகிற நிரூபனுக்குக் கொடுத்தால் என்ன என்று கோயில் சபையில் கதை வந்திருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "அவன் கலியாண வீட்டுப் பாட்டு மாதிரியெல்லோ இழுக்கிறான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு இருக்கிறார். அவ்வளவு எரிச்சல்.

கோயில் மைக் செற்றை வெளியே எடுக்கப் பங்குச் சுவாமி விடமாட்டார். ஆகவே நானே ஒரு அம்பிளிபயர் செய்யப்போகிறேன். கணவாய்க் காசில் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கிறேன், அதற்குள் அடங்கவேண்டும்.

மன்னார் ரவுணில் றுஸ்தி நானாவின் கடையில் மூன்று வகை கிடக்கிறது. ஒன்று, எல்லாத் துண்டும் ஒட்டி முடித்த சேர்க்கிற் போட். வயரைக் கொழுவினால் சரி. அடுத்தது சின்னக் கிற், பன்னிரண்டு வோல்ற், மோட்டார் சைக்கிள் பற்றரியிலேயே ஓடும். மற்றது பெரியது. ட்ரான்ஸ்போமர் வைக்கவேண்டும், துண்டுகளை ஒவ்வொன்றாக நாங்களே ஒட்டவேண்டும். பேசாலை வரைக்கும் கேட்கும் என்று நானா சத்தியம் பண்ணுகிறார். கடையில் லக்சிகா என்றொரு பிள்ளை வேலைக்கு நிற்கிறாள். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து, போன வருஷம் தாயோடு திரும்பி வந்தவள். அங்கே ஈயம் ஒட்டப் பழகினாளாம். பெரியதுதான் காசுக்குப் பெறுமதி என்று லக்சிகா சொல்கிறாள். சின்னது வெளியில் எடுபடாது என்பதும் லக்சிகாவின் கருத்து. லக்சிகா சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை.

எதை வாங்க? உன்னைக் கேட்காமல் நான் ஒன்றும் வாங்கியதில்லை.

தம்பி
ஜெயகாந்த்


கண்டி,
24.01.2025

தம்பி,

நவசந்நியாசிகளுக்கு வரும் கடிதத்தையும் போகும் கடிதத்தையும் எங்கள் மதர் வாசித்த பிறகுதான் கைமாறும். உன்னுடையதை வாசித்துவிட்டு, "உங்கட தம்பி நல்ல பகிடிக்காரன்" என்று சிரித்தபடி தந்தார். நானும் சிரித்தேன். அறைக்கு வந்து திரும்ப வாசித்தபோது சிரிப்பு வரவில்லை. ஒரே தாளில் அப்பாவைவிட அந்தப் பிள்ளையின் பெயர் கூடுதலாகக் கிடக்கிறது.

 அப்பாவுக்கு அந்தப் புலம்பல் வெறும் பாட்டு மட்டுமல்ல. அம்மா செத்த வருஷம் அதைப் பாடித்தான் அழுதார், வேறெங்கும் அழுது நான் பார்க்கவில்லை. அதை நிரூபன் வாங்கிப்போனால் அப்பா அடுத்த பெரிய வெள்ளிவரைக்கும் இருக்கமாட்டார். ஆகவே இதில் விளையாட்டு வேண்டாம்.

ஒட்டி முடித்த போட்டை வாங்கு. ஓம், நான்தான் சொல்கிறேன். சோம்பேறிகள் வாங்குகிற சாமான் என்று அதைப் பழித்தவளும் நான்தான். அப்போது உனக்குப் பக்கத்தில் இருந்தேன். உனக்குச் சிவப்பும் பச்சையும் மண்ணிறமும் ஒரே சேறாகத்தான் தெரியும் என்பது உலகத்தில் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். (இனி மதருக்கும் தெரியும். அவர் வெளியே விடமாட்டார்.) இரவில் சிவப்பு, பச்சை வெளிச்சம் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் உன்னை வள்ளத்தில் ஏற்றமாட்டார் என்று எத்தனை வருஷம் மறைத்திருக்கிறோம். ரெசிஸ்ரரின் அளவைச் சொல்லும் நிற வளையங்களை நான் வாசிப்பேன், நீ ஒட்டுவாய். வயருக்கு வலை நூலில் நான் முடிச்சுப் போட்டுத் தருவேன், சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு, நீ விரலால் தடவிப் பார்த்துக் கொழுவுவாய். இப்போது உனக்கு யார் வாசிப்பது? பெரிய கிற்றில் அந்த வளையம் போட்ட துண்டுகள் அள்ளிக் கொட்டிக் கிடக்கும். அதெல்லாம் உனக்கு வேண்டாத சள்ளை.

போட்டை வாங்கு, வயரைக் கொழுவு, வேலை முடிந்தது. அந்நிய ஆட்கள் வீட்டுக்கு வரவும் தேவையில்லை.

அக்கா
சுவேதினி


ஓலைத்தொடுவாய்,
10.02.2025

அக்கா,

கோவிக்காதே. பெரிய கிற்றை வாங்கிவிட்டேன்.

உன் கடிதம் வருவதற்கு முதல் நாள் வாங்கினேன் என்று எழுதத்தான் நினைத்தேன். மதர் வாசிக்கிற கடிதத்தில் பொய் எழுத மனம் வரவில்லை. கடிதம் வந்த பிறகுதான் வாங்கினேன். ஒட்டி முடித்த போட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன், அதில் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அப்பாவின் குரல் போகிற பாதையை எவனோ ஒட்டியிருப்பான், நான் வயர் மட்டும் கொழுவுவதா என்று இருந்தது. இது ஒரு காரணம்.

ஞாயிறு பூசை முடிய லக்சிகாவும் தாயும் வருகிறார்கள். தாய் குசினிப் பக்கம் இருந்து அப்பாவோடு முகாம் கதை கதைப்பார். நாங்கள் முன் விறாந்தையில் மேசையைப் போட்டு வேலை செய்வோம். லக்சிகா ஒவ்வொரு துண்டாக எடுத்து இன்னது இன்னது என்று சொல்லச் சொல்ல நான் ஒட்டுகிறேன். அவளுக்குப் பொறுமை அதிகம். ஒட்டினது வடிவில்லாவிட்டால் ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டச் சொல்வாள். போட்டை அவள் இந்தியத் தமிழில் 'போர்டு' என்று சொல்வதைக் கேட்டு அப்பா சிரிக்கிறார். அப்பா சிரித்து எவ்வளவு காலம் என்று யோசித்துப் பார்.

உன்னுடைய சின்னக் கதிரைதான் அவளுக்குக் குந்தியிருக்க வசதியாக இருக்கிறது. ஈயம் ஒட்டுகிற உன்னுடைய சோல்டரிங் அயனையும் எடுத்தோம், என்னுடையது சூடாகிறதில்லை.

ஸ்பீக்கர் பெட்டிக்கு வள்ளத்துப் பலகை கொஞ்சம் கிடந்தது. அப்பாவே சீவித் தந்தார்.

தம்பி
ஜெயகாந்த்


கண்டி,
22.02.2025

ஜெயகாந்த்,

நேரே கேட்கிறேன். உன் கண்ணின் விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டாயா?

சொல்லாமல் எப்படி? அவள் சொல்லச் சொல்ல நீ ஒட்டுகிறாயாம். மண்ணிறம், கறுப்பு, சிவப்பு என்று யாரோ ஒருத்தி என் கதிரையில் இருந்து உனக்கு வாசிக்கிறாள். அம்மாவுக்குச் சொல்லாததை, அப்பாவுக்குச் சொல்லாததை, பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொல்லாததை, கடல் தாண்டி நேற்று வந்தவளுக்குச் சொல்லிவிட்டாய். அதிகம் துண்டுகள் உள்ள கிற்றை ஏன் எடுத்தாய் என்று எனக்கு விளங்காதென்று நினைக்காதே. துண்டுகள் கூடினால் ஞாயிற்றுக்கிழமைகளும் கூடும். 'இது ஒரு காரணம்' என்று எழுதினாய். மற்றக் காரணத்தை எழுதக் கை கூசியதாக்கும்.

அந்த அயன் நான் ட்யூஷன் சொல்லிக் கொடுத்த காசில் வாங்கியது. கைபிடியில் நான் சுற்றிய துணி இருக்கும். அது வியர்வைக்கு. அவளுக்கு வியர்க்காதோ தெரியாது.

பொறாமை என்று சொல்வாய். ஓம், பொறாமைதான். இங்கே ஒவ்வொரு நாளும் ஆத்தும சோதனை எழுதுகிறோம். 'சிறு சஞ்சலம்' என்று எழுதிக் கொடுத்தேன். மதர் தாளைத் திருப்பித் தந்து, "அதின்ர உண்மையான பேரை எழுதுங்கோ பிள்ளை" என்றார். எழுதினேன். எழுதினால் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை.

சரி, வாங்கியாயிற்று. ஒன்று மட்டும் சொல்கிறேன். ட்ரான்ஸ்போமர் வயரை அவளிடம் விடாதே. கரண்ட் கொடுக்கிற வேலை எங்கள் வீட்டுப் பிள்ளையின் வேலை. அவள் இல்லாத நேரம் பார்த்து நீயே கொழுவு. ஒன்றாவது எங்கள் கையால் நடந்ததாக இருக்கட்டும்.

தவக்காலத்தில் எங்களுக்குக் கடிதம் எழுத அனுமதி இல்லை.

சுவேதினி


ஓலைத்தொடுவாய்,
12.03.2025

அக்கா,

நீ சொன்னபடி செய்தேன். எரிந்துவிட்டது.

முதலாம் திகதி சனிக்கிழமை தனிய இருந்து கொழுவினேன். ட்ரான்ஸ்போமரிலிருந்து வருவது மூன்று வயர், இரண்டு சிவப்பு, ஒன்று பச்சை. பச்சை நடுவில் போகவேண்டும் என்று லக்சிகா முந்தின கிழமையே சொல்லியிருந்தாள். "ஞாயித்துக்கிழமை நான் வந்து பாத்துக்கறேன், அவசரப்படாதீங்க" என்றும் சொன்னாள். எனக்கு மூன்றும் ஒரே நிறம். முடிச்சும் இல்லை. குத்துமதிப்பில் ஒன்றை நடுவில் கொழுவினேன். கரண்ட் போட்ட உடனே கப்பாசிற்றர் டமார் என்று வெடித்துக் கூரையில் பட்டது. போட் கருகிவிட்டது. அப்பா ஷெல் விழுந்த மாதிரி நிலத்தில் குப்புற விழுந்தார். எழும்பி என்னைப் பார்த்து, "எனக்கு உந்தச் சனியன் வேண்டாம். நிரூபனே பாடட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். அந்தக் குரலும் கேட்கவில்லை, வாயைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

ஞாயிறு லக்சிகா வந்தாள். வயரைப் பார்த்தாள். ஏன் தன்னைக் கேட்கவில்லை என்று ஒரு தரம் கேட்டாள். கண்ணைப் பற்றிச் சொல்லவேண்டி வருமே என்று நான் கருகின போட்டைப் புரட்டினேன்.  "என் கைய நம்பலன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுத் தாயைக் கூட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. கடைக்குப் போனால் உள்ளே போய் நின்றுகொண்டு றுஸ்தி நானாவை அனுப்புகிறாள்.

நீ ஒன்று கேட்டாய். சொல்லிவிட்டாயா என்று. இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. ரெசிஸ்ரருக்கு அவள் நிறமே பார்க்கிறதில்லை. முகாமில் அப்படித்தான் பழக்கினார்களாம். எங்கள் மேசை லாச்சியில் கிடந்த மீற்றரை எடுத்து, ஒவ்வொரு ரெசிஸ்ரரின் காலையும் அதில் பிடித்து, வருகிற இலக்கத்தைச் சொல்வாள். உன்னுடைய இரகசியம் பத்திரமாக இருக்கிறது.

உனக்கு இப்போது திருப்தியா?

ஜெயகாந்த்


கண்டி,
21.03.2025

என் தம்பி,

மதர் உன் கடிதத்தைத் தந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தவக்காலத்தில் எழுத விடமாட்டார்கள் என்று தெரிந்தும் கேட்டேன். "நீங்கள் எழுதத்தான் வேணும்" என்றார். எழுதுகிறேன்.

திருப்தியா என்று கேட்டாய். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்ற வரியை வாசித்தபோது சந்தோஷமாக இருந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம். அப்பா நிலத்தில் விழுந்ததை வாசித்த கையோடு, அடுத்த பந்தியில் எனக்குச் சந்தோஷம் வந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

இன்னும் மோசமானதைச் சொல்கிறேன். வயரை நீயே கொழுவு என்று எழுதியபோது உன் கண்ணை நான் மறந்திருக்கவில்லை. முடிச்சு இல்லாமல் இவன் தடுமாறுவானே என்று நினைவு வந்தது. தடுமாறினால் எனக்கு எழுதிக் கேட்பான் என்று நினைத்தேன். அவளைக் கேட்காமல் என்னைக் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீ யாரையும் கேட்கவில்லை. அது எனக்கு வந்த தண்டனை, ஆனால் அடி விழுந்தது அப்பாவுக்கும் உனக்கும்.

அவளிடம் சொல். கண்ணின் விஷயத்தைச் சொல்லு. அவளோடு கலியாணம் வரைக்கும் போகிற நினைப்பு இருந்தால் (இருக்கிறது, மறைக்காதே) அவள் தெரியாமல் இருக்கக்கூடாது. வலை நூலை எடுத்து அவள் கையில் கொடு. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு, கறுப்புக்கு முடிச்சில்லை. முடிச்சு இறுக்கமாக இருக்கவேண்டும், நுனியில் போடக்கூடாது, ஈயம் படும் இடத்திலிருந்து நாலு விரல் தள்ளிப் போடவேண்டும். இதை இன்னொருத்திக்கு எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் எழுதிவிட்டேன்.

காசு எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. சின்னக் கிற்றை வாங்கு. பற்றரியில் ஓடுகிறது நல்லது, கரண்ட் நின்றாலும் அப்பா நிற்கமாட்டார். சிலுவையடிக் கூட்டத்துக்கு அது காணும். பேசாலைக்குக் கேட்கத் தேவையில்லை. பெட்டியும் ஸ்பீக்கரும் பழுதில்லைத்தானே?

ஒன்று விளங்கவில்லை. அந்த மீற்றர் பழுது, பற்றரி மட்டும்தான் பார்க்கும் என்று நீதானே எனக்குச் சொன்னாய்? அவள் கையில் எப்படித் திருந்தியது?

அக்கா


ஓலைத்தொடுவாய்,
22.04.2025

அக்கா,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து. மதருக்கும் சொல்லு.

முதலில் அப்பா. பாடினார். சின்னக் கிற், மோட்டார் சைக்கிள் பற்றரி, அப்பா சீவின பெட்டி. அது வெடிக்காமல் ஓடுவதை விறாந்தையில் கேட்ட பிறகுதான் அப்பாவும் கோயில் சபையும் சம்மதித்தார்கள். முதலில் மைக்கை வாய்க்குள் விழுங்குகிற மாதிரிப் பிடித்தார், அது கீச்சிட்டது. லக்சிகா ஓடிப்போய் மைக்கில் லேஞ்சித் துணியைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் காட்டினாள். பிறகு மாதா மகனை மடியில் வாங்குகிற இடம் வந்தது. அப்பாவின் குரல் பழைய குரல் இல்லை, கரகரத்து உடைந்துதான் வந்தது. ஆனால் கரையில் ஏற்றி விட்டிருந்த கடைசி வள்ளம் வரைக்கும் கேட்டது. வள்ளத்தடியில் நின்ற ஆம்பிளைகளும் அழுதார்கள். முடிந்த பிறகு நிரூபன் தன்னுடைய பங்குக்கு மைக்கைக் கேட்டான். அப்பா கொடுக்கவில்லை. கேளாத மாதிரி நின்றார். சுவாமி வந்துதான் வாங்கிக் கொடுத்தார். உன் பொறாமை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

இனி லக்சிகா. உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே கடைக்குப் போனேன். நானா சாமான் எடுக்கப் போயிருந்தார், உள்ளே ஒளிக்க வழியில்லை. சின்னக் கிற் ஒன்று கேட்டேன், பிறகு சொன்னேன். "இதுக்கா ஒரு மாசமா எங்கிட்ட வாயத் தொறக்காம திரிஞ்சீங்க?" என்றாள். அழுதாளா சிரித்தாளா என்று பிரிக்க முடியவில்லை. ஞாயிறு வந்து, நீ எழுதினபடி நாலு விரல் அளந்து முடிச்சுப் போட்டாள். உன்னுடையதுபோல இறுக்கம் இல்லை. ஆனால் சரியாக இருந்தது.

அப்பாவுக்கும் சொன்னேன். கடலில் வெளிச்சம் பார்க்கிற வேலை இனித் தன்னுடையது, சுக்கான் என்னுடையது என்றார்.  வைகாசி பிறக்க லக்சிகாவின் தாயோடு கலியாணம் கதைக்கப் போகிறார்.

மீற்றரைக் கேட்டாய். அக்கா, அது ஒருநாளும் பழுதாகவில்லை. றுஸ்தி நானாவிடம் அதை வாங்கின அன்றைக்கே ரெசிஸ்ரரை எப்படி அளக்கிறது என்று அவர் காட்டித் தந்தார். நிறம் தேவையில்லை என்று தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் நீ கதிரையைப் போட்டுக்கொண்டு துண்டுகளைத் தட்டத்தில் பரப்பி, வெளிச்சத்துக்குப் பிடித்து, "மண்ணிறம், கறுப்பு, செம்மஞ்சள்" என்று தொடங்கிவிட்டாய். பழுது என்று சொல்லி லாச்சிக்குள் போட்டேன். நீ மடத்துக்குப் போகும்வரைக்கும் நான் அதை எடுக்கவில்லை.

இதை லக்சிகாவிடம் சொன்னதுதான் நான் விட்ட பிழை. முகம் சிவந்து போனது என்று தாய் சொன்னார், எனக்குத் தெரியவில்லை. "அக்காவுக்குக் கலரு, எனக்கு மட்டும் மீட்டரா?" என்று கேட்டாள். மீற்றரைத் தன்னுடைய பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அடுத்த கிற்றுக்கு வளையத்தைத் தான்தான் வாசிப்பாளாம், உன் கதிரையில் இருந்து.

நான் என்ன செய்ய?

தம்பி
ஜெயகாந்த்


கண்டி,
04.05.2025

தம்பி,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.  வாசித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். இவ்வளவு வருஷமும் என்னை ஏமாற்றியிருக்கிறாய் என்று ஒரு தரம் கோபப்பட்டுப் பார்த்தேன். கோபம் வரவில்லை.

லக்சிகா வாசிக்கட்டும். பழகும்வரைக்கும் செம்மஞ்சளையும் சிவப்பையும் மாறி வாசிப்பாள், நீ பார்த்துத் திருத்த முடியாது, ஆகவே மீற்றரை அவளிடமிருந்து திருப்பி வாங்காதே. அது அவள் பையில் இருக்கட்டும், அவள் உனக்குத் தெரியாமல் சரிபார்த்துக்கொள்வாள். அயனின் கைபிடித் துணி பழசு. கழற்றிவிட்டுப் புதிதாகச் சுற்றச் சொல்லு.

ஆவணியில் நான் சிஸ்டராக வார்த்தைப்பாடு கொடுக்கிறேன். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த பிறகு எனக்கென்று உலகத்தில் ஒரு சாமானும் இருக்கக்கூடாது. அப்பாவும் நீயும் வாருங்கோ, அவளையும் தாயையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ.

அன்றைய நாள் வரைக்கும் அந்தக் கதிரை என்னுடையது. அவளிடம் சொல்லு. அதற்குப் பிறகு அவள் இருக்கட்டும்.

அக்கா
சுவேதினி